நாற்பது பங்கு சாறு, ஒரு பங்கு பாகு: வீட்டுக் கொல்லையில் மேப்பிள் சிரப் காய்ச்சுவது எப்படி?

மேப்பிள் சிரப்பில் மேப்பிள் மரத்தின் சாற்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது. சர்க்கரை சேர்ப்பதில்லை, நிறம் சேர்ப்பதில்லை, கெட்டியாக்க எதையும் கலப்பதில்லை. குளிர்காலம் முடிகிற வேளையில் மரத்தில் சிறு துளை போட்டு, வடிகிற சாற்றைப் பிடித்து, அதிலுள்ள நீர் ஆவியாகும்வரை கொதிக்க வைத்தால் மிஞ்சுவதுதான் சிரப். கனடாவின் கிழக்குப் பகுதியிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ஏராளமானோர் இதைத் தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே செய்கிறார்கள். நீங்களும் செய்யலாம். ஆனால் எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும் என்ற கணக்கு முதலிலேயே மனத்தில் பதிந்துவிட வேண்டும். எப்போது துளைப்பது, எந்தப் பாத்திரம் எடுப்பது, அடுப்பை எங்கே மூட்டுவது என்பதெல்லாம் அந்த ஒரு கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

மரத்திலிருந்து வடியும் சாறு பார்க்க வெறும் தண்ணீர்தான். நிறமில்லை, பிசுபிசுப்பு இல்லை. வாயில் விட்டால், இனிக்கிறதா இல்லையா என்று ஒரு கணம் யோசிக்க வைக்கும் அளவுக்கு மெல்லிய இனிப்பு. நூற்றுக்கு இரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். நல்ல மரமாக அமைந்தால் மூன்று. சிரப்பிலோ எடையில் குறைந்தது 66 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. எச். ஜோன்ஸ் 1946-இல் இதற்கு ஒரு சுருக்குவழி சொன்னார். 86-ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுங்கள். ஒரு லிட்டர் சிரப்புக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது கிடைத்துவிடும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர். 3 சதவீதம் என்றால் 29 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஊரில் எல்லோரும் பொதுவாக '40-க்கு 1' என்று சொல்வது இதைத்தான்.

43 லிட்டரில் 42 லிட்டர் ஆவியாக வேண்டும். வெப்பம் துளியும் வீணாகாத ஓர் அடுப்பு இருந்தால்கூட, அதற்கு ஏறத்தாழ 30 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் செலவாகும். விறகடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி பக்கவாட்டில் போய்விடும் என்பதால் நிஜச் செலவு இதைப்போலப் பல மடங்கு. ஆகவே கடையில் வாங்குவதைவிட மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம். விறகு சும்மா கிடைத்தாலொழிய அது நடக்காது. நம் கண்ணெதிரே ஒரு மரம் கொடுத்ததை நாமே காய்ச்சி எடுத்தோம் என்ற நிறைவுக்காகச் செய்கிற வேலை இது. அந்த நிறைவு பெரியது என்பதை ஒருமுறை செய்தவர்கள் அறிவார்கள்.

சரி, இந்த இனிப்பு மரத்துக்குள் எப்படி வந்தது? போன கோடையில் இலைகள் தயாரித்த சர்க்கரை, மாவுச்சத்தாக மரத்துக்குள் சேமித்து வைக்கப்படுகிறது. குளிர் வந்ததும் அதில் ஒரு பகுதி மீண்டும் சர்க்கரையாக மாறிச் சாற்றில் கரைகிறது. வசந்தத்தில் மொட்டு விரிய மரத்துக்கு அது வேண்டும். நாம் எடுப்பது அந்தச் சேமிப்பில் ஒரு சிறு பங்கு. நல்ல ஆரோக்கியமான மரத்துக்கு அதனால் பாதகமில்லை.

சாறு வடிவதன் காரணம்தான் இன்னும் சுவையானது. மேப்பிளின் கட்டையில் நீர் செல்லும் நுண்குழாய்களைச் சுற்றியிருக்கும் நார்ச் செல்களில் பெரும்பாலும் வாயுவே நிறைந்திருக்கிறது. இது மேப்பிள் இனத்துக்கும் இன்னும் சில மரங்களுக்கும் மட்டுமே உரிய அமைப்பு. இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போது அந்த வாயு சுருங்குகிறது, செல்களுக்குள் பனி படிகிறது, மரத்துக்குள் ஓர் இழுவிசை ஏற்பட்டு வேர்கள் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகின்றன. மறுநாள் வெயில் பட்டுப் பனி இளகியதும் அடைபட்டிருந்த வாயு விரிந்து நீரைத் தள்ளுகிறது. மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அதிகமாகிவிடும். அந்த நேரத்தில் பட்டையில் ஒரு துளை இருந்தால் போதும், சாறு தானாக வெளியே வரும். இரவில் மைனஸ் 5 டிகிரி, பகலில் பிளஸ் 5 டிகிரி என்று மாறி மாறி அமைந்தால் அதைவிட நல்ல வானிலை இல்லை. பகலிலும் உறைந்தே கிடந்தால் ஒரு சொட்டும் வராது. இரவிலும் குளிர் விட்டுப்போனால் வரத்து இரண்டொரு நாளில் மெலிந்து நின்றுவிடும். கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரங்கள்வரை இந்த வானிலை கிடைக்கும். வடக்கே போகப் போகப் பருவம் தள்ளிப்போகும்.

பனைமரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த கதைதான். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதும் மரத்தின் இனிப்பிலிருந்து நீரைப் பிரிக்கிற வேலையே. ஆனால் வேறுபாடுகளைக் கவனித்தால் மேப்பிளின் குணம் நன்றாகப் புரியும். பதநீரில் சர்க்கரை நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு இருக்கும். மேப்பிள் சாற்றில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் அடுப்பின் முன் உட்காரும் நேரமும் விறகும் அத்தனை மடங்கு கூடும். பனையில் பாளையைத் தினமும் சீவிவிட வேண்டும். மேப்பிளில் ஒருமுறை போட்ட துளை பருவம் முழுக்கப் போதும். வெயில் ஊரில் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். இங்கே அந்தக் காவலைக் குளிரே செய்துவிடுகிறது. அந்தக் குளிர் விலகினால் இந்தச் சாறும் கெடும். இதை மறக்கவே கூடாது.

ஐரோப்பியர் இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்பே அனிஷினாபே, ஹோடனோஷோனி போன்ற பூர்வகுடி மக்கள் இந்தச் சாற்றைக் காய்ச்சிவந்தார்கள். பிர்ச் மரப்பட்டையில் செய்த கலங்களில் பிடித்து, பெரும்பாலும் சிரப் பதத்தைத் தாண்டிக் கட்டிச் சர்க்கரையாகவே எடுத்தார்கள்; அப்படி எடுத்தால்தான் ஆண்டு முழுக்கக் கெடாமல் இருக்கும், தூக்கிச் செல்லவும் எளிது. இந்தப் பருவத்துக்குரிய நிலவை 'சர்க்கரை நிலா' என்று இன்றும் அழைக்கிறார்கள். குடியேறியவர்கள் இவர்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள். இன்று உலகின் மேப்பிள் சிரப்பில் பெரும்பகுதி கியூபெக் மாகாணத்திலிருந்தே வருகிறது.

இனி நம் கொல்லைக்கு வருவோம். முதல் கேள்வி, அங்கே நிற்பது எந்த மரம்? சர்க்கரை மேப்பிள்தான் முதல் தரம். சிவப்பு மேப்பிள், வெள்ளி மேப்பிள், மனிடோபா மேப்பிள் இவற்றிலும் சாறு எடுக்கலாம். இனிப்பு குறைவாக இருக்கும், ஆகவே காய்ச்ச வேண்டியது கூடும். டொராண்டோ பகுதியில் வீடுகளையொட்டி அதிகம் நிற்பது நார்வே மேப்பிள். இலையைப் பார்த்தால் சர்க்கரை மேப்பிள் போலவே இருக்கும். அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு: இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வடிந்தால் அது நார்வே மேப்பிள். பருவம் தொடங்கும்போது மரத்தில் இலையே இருக்காது என்பதால், இலையுதிர் காலத்திலேயே மரத்தை அடையாளம் பார்த்து ஒரு ரிப்பன் கட்டி வைத்துவிடுங்கள். இன்னொன்று: வீட்டு முன்புறம் தெருவோரமாக நிற்கும் மரம் பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமானது. அதில் துளை போடக் கூடாது.

மரத்தின் பருமன் முக்கியம். மார்பு உயரத்தில் அளந்தால் அடிமரத்தின் விட்டம் 25 முதல் 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அதற்கு மெலிந்த மரத்தை விட்டுவிடுங்கள். காட்டில் ஒரு சர்க்கரை மேப்பிள் அந்தப் பருமனை எட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். அவசரப்பட நமக்கு உரிமையில்லை. 45 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் இரண்டு துளை போடலாம். எவ்வளவு பெரிய மரமானாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஒரு துளையிலிருந்து ஒரு பருவத்தில் 30, 40 லிட்டர் சாறு எதிர்பார்க்கலாம், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் சிரப். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்று நான்கு துளைகளே தாராளம். பத்துத் துளை போட்டுவிட்டால், நல்ல வரத்து உள்ள வாரத்தில் சாற்றை வைக்க இடமும் இருக்காது, காய்ச்ச நேரமும் இருக்காது.

துளையிடத் தேவையானவை ஒரு டிரில், 8 மில்லிமீட்டர் பிட், ஸ்பைல் எனப்படும் சிறு குழாய், ஒரு வாளி. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், பட்டை நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்து, நான்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையுங்கள். துளை உள்நோக்கிச் சற்றே மேலேறியபடி இருந்தால் சாறு தேங்காமல் வெளியே வழியும். பிட்டோடு வெளிவரும் மரத்தூளைக் கட்டாயம் பாருங்கள். வெளிர் நிறமாக, ஈரமாக இருந்தால் உயிருள்ள கட்டை. பழுப்பாக வந்தால் அது முன்பு காயம்பட்டு மரம் மூடிவிட்ட பகுதி. அங்கே சாறு வராது. பிறகு ஸ்பைலைத் துளையில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஓசை மாறி 'டக்' என்று கனத்துக் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் கட்டை விரிசல் விட்டுச் சாறு பக்கவாட்டில் ஒழுகும். வெயில் ஏறிய மதிய வேளையானால், ஸ்பைல் இறங்கும்போதே அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். வரத்து நன்றாக இருக்கும் நாளில் சொட்டுச் சொட்டாக, எண்ண முடிகிற வேகத்தில் விடாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

வாளிக்கு மூடி வேண்டும். இல்லாவிட்டால் மழைநீரும் பூச்சியும் சேரும். பழைய பொருள் விற்கும் கடைகளில் அழகான தகர வாளிகள் கிடைக்கும். அவற்றின் இணைப்புகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் சாறு பிடிக்க அவற்றை எடுக்காதீர்கள். உணவுக்குரிய பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வரோ போதும்.

பிடித்த சாற்றைப் பாலைப்போல நடத்துங்கள். தினமும் சேகரித்து, வடிகட்டி, 4 டிகிரிக்குக் கீழே வைத்து, சில நாட்களுக்குள் காய்ச்சிவிட வேண்டும். வீட்டின் வடக்குப் பக்கத்தில் வெயில் படாத பனிக்குவியல் இருந்தால் அதில் வாளியைப் புதைத்து வைக்கலாம். சாறு கலங்கிப் பால் நிறமாகத் தெரிந்தால் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். காலையில் வாளியின் மேல் பனிக்கட்டி மிதந்தால் அதை எடுத்து எறியலாம். அதில் இருப்பது பெரும்பாலும் வெறும் நீர். சர்க்கரை அடியில் உறையாத சாற்றில் தங்கியிருக்கும். அடுப்பே இல்லாமல் கொஞ்சம் நீரைக் கழித்த கணக்கு.

காய்ச்சுவது வெளியில்தான். 40 லிட்டர் நீரை ஆவியாகச் சமையலறைக்குள் விட்டால் சுவரெல்லாம் நனைந்து, வண்ணப்பூச்சு உரிந்து, அலமாரிக் கதவுகள் ஊறிப்போகும். பாத்திரம் அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆவியாதல் நடப்பது மேற்பரப்பில். உயரமான அண்டாவைவிட, விருந்துகளில் உணவைச் சூடாக வைக்கப் பயன்படும் நீள்சதுர எவர்சில்வர் தட்டுகள் பன்மடங்கு நல்லவை. ஹாலோ பிளாக் கற்களை இருபுறமும் அடுக்கி, நடுவில் விறகு எரித்து, மேலே அந்தத் தட்டுகளை வரிசையாக வைத்துக் கொல்லையில் காய்ச்சுகிறவர்கள் அதிகம். கேஸ் அடுப்பிலும் செய்யலாம், செலவுதான் கூடும். நெருப்பு மூட்டுவதற்கு உங்கள் ஊரில் அனுமதி வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல நகரங்களில் கொல்லையில் திறந்த நெருப்புக்குத் தடை உண்டு.

தட்டில் சாறு நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். குறையக் குறையப் புதுச் சாற்றைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் குளிர்ந்த சாற்றை அப்படியே கொட்டினால் கொதி அடங்கிவிடும். மீண்டும் கொதி வர நேரம் பிடிக்கும். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் சூடேற்றிச் சிறிது சிறிதாக விடுங்கள். நுரை பொங்கி வந்தால் நெல்லிக்காயளவு வெண்ணெய்கூட வேண்டாம், நகக்கண்ணளவு போட்டாலே அடங்கிவிடும். இப்படியே பல மணி நேரம் போகும். இதைக் குறுக்க வழியில்லை. பெரிய பண்ணைகளில் சாற்றை முதலில் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் இயந்திரத்தில் விட்டு நீரின் பெரும்பகுதியைப் பிரித்துவிட்டுத்தான் கொதிக்க வைக்கிறார்கள். கொல்லைக்காரர்களுக்கு நெருப்பும் பொறுமையும்தான்.

தட்டிலுள்ள சாறு தேநீர் நிறத்துக்கு வந்து, அளவும் சில லிட்டராகக் குறைந்த பிறகு, அதை ஒரு சிறிய ஆழமான பாத்திரத்துக்கு மாற்றிச் சமையலறை அடுப்புக்குக் கொண்டுவாருங்கள். கடைசிக் கட்டத்துக்குச் சீரான தீ வேண்டும், வெளி நெருப்பு அதற்குச் சரிப்படாது. இந்த நேரத்தில்தான் முழுக் கவனமும் தேவை. அதுவரை பெரிய பெரிய குமிழிகளாகக் கொதித்தது, மெல்ல மெல்லச் சின்னச் சின்னப் பொன்னிறக் குமிழிகளாக மாறும். அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுவிடும். நீர் குறைந்துவிட்டதால் வெப்பநிலையும் வேகமாக ஏறும். நாள் முழுக்க ஆடாமல் அசையாமல் இருந்த வெப்பமானி இப்போது நிமிடத்துக்கு நிமிடம் நகரும். இரண்டு நிமிடம் அப்பால் போனால் பொங்கி வழியும் அல்லது அடிப்பிடிக்கும். ஒரு வார உழைப்பு வீணாகும்.

எப்போது இறக்குவது? தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடுதலாக வந்ததும். பொதுவாக 104 டிகிரி. ஆனால் தண்ணீரின் கொதிநிலை இடத்தின் உயரத்தையும் அன்றைய காற்றழுத்தத்தையும் பொறுத்துச் சற்று மாறும். அதனால் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு உங்கள் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதோடு 4-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். கம்பிப்பதம் பார்த்துப் பழகிய கைகள் நம்மிடையே உண்டு. பழைய ஆட்களும் கரண்டியைத் தூக்கிப் பார்த்து, பாகு சொட்டாக விழாமல் விளிம்பில் ஏடுபோல் படர்ந்து தொங்கினால் பதம் வந்துவிட்டது என்பார்கள். அந்த அனுபவம் கைகூடும்வரை வெப்பமானியையே நம்புங்கள். பாகின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்கினால் இன்னும் துல்லியம். பதம் வருமுன் இறக்கினால் பாகு நீர்த்திருந்து சில வாரங்களில் புளித்துப் பூசணம் பிடிக்கும். பதம் தாண்டினால் பாட்டிலின் அடியில் கற்கண்டு படியும்.

இறக்கிய பாகில் மணல்போல் ஒரு வண்டல் தெரியும். மரம் மண்ணிலிருந்து எடுத்த தாதுக்கள், முக்கியமாகக் கால்சியம் மாலேட், நீர் வற்றியதும் பிரிந்து படிகின்றன. தின்றால் கெடுதல் இல்லை, ஆனால் நாக்கில் நறநறக்கும். இதற்கென்றே கம்பளிபோன்ற தடித்த வடிகட்டி விற்கிறார்கள். பாகு சூடாக இருக்கும்போதே அதில் ஊற்றினால்தான் இறங்கும். வடிகட்டியதை 85 டிகிரிக்குக் குறையாமல் மீண்டும் சூடாக்கி, சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி, சிறிது நேரம் படுக்க வையுங்கள். சூடான பாகு மூடியின் உட்புறத்தையும் தொட்டுக் கிருமி நீக்கிவிடும். திறந்த பிறகு குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

முதல் வாரத்தில் காய்ச்சியது வெளிர்பொன் நிறத்திலும், பருவக் கடைசியில் காய்ச்சியது காப்பி நிறத்திலும் இருந்தால் தவறு உங்கள் கையில் இல்லை. நாள் ஏற ஏறச் சூடு கூடி, சாற்றில் நுண்ணுயிர்கள் பெருகி, சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கின்றன. அப்படி உடைந்த சர்க்கரை அமினோ அமிலங்களோடு சேர்ந்து கொதிக்கும்போது நிறமும் மணமும் அடர்த்தியாகின்றன. கடைகளில் கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நான்கு வகையாகப் பிரித்திருப்பது இந்த நிறத்தை வைத்துத்தான். வெளிர் நிறம் உயர்ந்தது, கருநிறம் மட்டம் என்று பொருளில்லை. எனக்கு டார்க்தான் பிடிக்கும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளவும், காப்பியில் விடவும், அந்தக் கனத்த சுவைதான் நிற்கிறது. கொஞ்சம் பாகை எடுத்து 113 டிகிரிவரை காய்ச்சிச் சுத்தமான பனியின்மேல் கோடாக ஊற்றினால், ஜவ்வுமிட்டாயாக இறுகும். குச்சியில் சுற்றித் தின்னலாம். கியூபெக்கில் இந்தப் பருவத்தில் குழந்தைகள் காத்திருப்பது இதற்காகத்தான்.

மரத்தின் மொட்டுகள் பருக்கத் தொடங்கிவிட்டால் நிறுத்திவிடுங்கள். அப்போது சாற்றின் வேதிக்கூறு மாறி, எவ்வளவு காய்ச்சினாலும் போகாத ஒரு கெட்ட வாடை வந்துவிடும். ஸ்பைலைப் பிடுங்கி, துளையை அப்படியே விட்டுவிடுங்கள். மெழுகோ களிமண்ணோ வைத்து அடைக்கத் தேவையில்லை. நல்ல மரம் ஓரிரு ஆண்டுகளில் பட்டையை வளர்த்துத் தானே மூடிக்கொள்ளும். உள்ளே துளைக்கு மேலும் கீழும் நீளவாக்கில் ஒரு கீற்றளவு கட்டை செத்துப்போயிருக்கும் என்பதால், அடுத்த ஆண்டுத் துளையைப் பழையதற்கு நேர் மேலோ நேர் கீழோ போடாமல், பக்கவாட்டில் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். வாளிகளையும் ஸ்பைல்களையும் வெந்நீரில் அலசி, ஈரம் போகக் காயவைத்து எடுத்து வையுங்கள். வாசனைச் சோப்பு மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஏறிய மணம் அடுத்த ஆண்டுப் பாகில் வந்து நிற்கும்.